ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
என் கடைக்கு ஆள் வரும்.
சரக்கு ரயில் முழுசாகக் கடப்பதற்குள்
சாதிச் சான்றுக்கு நாலு ஜெராக்ஸ், ஆதாருக்கு லேமினேஷன்.
அப்படித்தான் வந்தார் பெர்பெத்துவா,
ராயபுரத்து வக்கீல்,
ஸ்கூட்டரைத் தண்டவாளம் பார்த்து நிறுத்திவிட்டு.
"எம்.பி. ஆபீஸுக்குப் போற மனுண்ணா. தப்பு வரக்கூடாது."

'மாண்பமை நீதியரசரை' என்று அடித்ததும்
விரல்கள் தாமாகவே ஓடின:
'பணிந்து வேண்டுகிறேன்.'
இருபது வருடப் பழக்கம்.
"வேண்டல. நீக்கணும்," என்றார்.

நீக்கணும்.
டெலிட் பொத்தானுக்கு வெளியே
அந்தச் சொல்லை அதுவரை நான் கண்டதில்லை.

பின்னிணைப்பு ஒன்று முதல் முப்பத்தேழு வரை.
எர்ணாவூர் ஏகவல்லி.
எண்ணெய்த் தொட்டி கழுவ இறங்கிய கணவர்.
பதினோரு வருடம், நாற்பத்தாறு வாய்தா,
பிறகு ஒரே பக்கத்தில் தள்ளுபடி.
அதற்கு மூன்று நாள் முன்னால்
அந்தக் கம்பெனியின் பங்குகள்
நீதிபதியின் மருமகன் பெயருக்கு வந்திருந்தன.

"அநியாயத் தீர்ப்புன்னு ஒரு வரி போடவா?" என்றேன்.
"கூடாது. தப்பான தீர்ப்புக்கு அப்பீல் இருக்கு.
இது வேற. நடத்தை."

நடத்தை.
எங்கள் தெருவில் பெண்களுக்கு மட்டுமே
போட்டுப் பார்க்கும் சட்டை அது.
முதல்முறையாக ஒரு கறுப்பு அங்கிக்கு மேல் போட்டுப் பார்த்தேன்.
அளவு சரியாகத்தான் இருந்தது.

பிறகு கட்டம் போடச் சொன்னார்.
வரிசை எண், பெயர், தொகுதி, கையெழுத்து.
மக்களவை என்றால் நூறு பேர்,
மாநிலங்களவை என்றால் ஐம்பது.
நூறு பேர்!
தண்ணி லாரி வந்தால்
எங்கள் முனையில் அதைவிட அதிகம் பேர் நிற்பார்கள்.
"நூத்துப் பத்தாப் போடுங்கண்ணா," என்றார்,
"பின்வாங்குறவங்க இருப்பாங்க."

பொங்கல் கழிந்து அதே கட்டங்கள்
டெல்லி போய்த் திரும்பி வந்தன, நகலெடுக்க.
ஒருவர் பச்சை மை.
ஒருவர் கட்டத்துக்கு வெளியே, கடல்போல.
எனக்குத் தெரியாத ஏழெட்டு எழுத்துகளில்
தெரியாத ஊர்கள்
எர்ணாவூருக்காகச் சுழித்திருந்தன.
அறுபத்தொன்றாம் எண் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது.

மெஷினில் வெளிச்சம் ஓடும்போது பார்த்தேன்:
ஐம்பத்திரண்டும் தொண்ணூற்றெட்டும் ஒரே கை.
சொல்லலாமா என்று
ஒரு பக்கம் முழுக்க யோசித்தேன்.
சொன்னேன்.
பெர்பெத்துவா மேலிருந்து எண்ணினார், கீழிருந்து எண்ணினார்.
மொத்தம் நூற்றிரண்டு. அடித்தது ஒன்று. இரட்டை ஒன்று.
மிச்சம் சரியாக நூறு.
அன்றைக்குத்தான் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"இனிமே விசாரணைதானே?"
"இனிமே சபாநாயகர். படிப்பார், யாரையாவது கேட்பார்.
ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். சட்டத்துல அப்படித்தான் இருக்கு.
ஏத்துக்கிட்டா மூணு பேர் குழு:
உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருத்தர்,
ஏதோ ஒரு ஹைகோர்ட் தலைமை நீதிபதி,
சட்டம் படிச்ச பெரியவர் ஒருத்தர்.
அவங்க உட்கார்ந்தாத்தான் விசாரணை."
"அப்ப இவ்வளவு நாள் பண்ணது?"
"காலிங் பெல்லைத் தேடினோம்."

சித்திரையில் ஏகவல்லியே வந்தார்,
ரேஷன் கார்டு நகலுக்கு.
மனுவில் மட்டுமே பார்த்த பெயர்
கார்டில் இருந்ததால் தெரிந்தது.
கேட்டார், அது என்ன ஆச்சென்று.
எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்:
"ஏற்கலாமாம்மா. ஏற்காமலும் இருக்கலாமாம்."

கொஞ்ச நேரம் ரயிலைப் பார்த்தார்.
"தொட்டி வாசல்லயும் அப்படித்தான் சொன்னாங்க.
ஏறி வரலாம். வராமலும் இருக்கலாம்னு."

ரெண்டு ரூபாய் வைத்தார். சில்லறையாக.
கேட் திறந்தது.
இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே சமயத்தில் இறங்கி
நடுத் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு
ஒன்றையொன்று பார்த்து
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.